கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய ரோமாபுரிக்காரன்

"கையில் காசில்லாமலே பணக்காரக் குடும்பமாகக் காட்டிக்கொள்ள அல்லாடுகிறவர்களைப் பற்றி நல்ல இத்தாலியப் படம் ஒன்று சொல்லுங்கள், எல்லோரும் சொல்கிற பெயராக இருக்கக் கூடாது, ஏன் அதைப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யோசிக்கவே வேண்டியதில்லை. 'இல் பூம்'. 1963ல் வந்தது, கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம்தான். இயக்கம் விட்டோரியோ டி சிகா, எழுத்து சேசரே சவாட்டினி. அதாவது 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுத்த அதே ஜோடி. இந்த ஜோடியின் பெயரைச் சொன்னால் சினிமா பார்க்கிறவர்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், ஆனால் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கையைத் தூக்க ஆள் இருக்காது. அமெரிக்கத் திரையரங்கில் இது முறையாக வெளியானதே 2017ல்தான், எடுத்து 54 வருடம் கழித்து. ஒரு முன்னெச்சரிக்கை: கதையை முடிவு வரைக்கும் சொல்லப்போகிறேன். சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. தெரிந்துகொண்டு பார்ப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது என்பது என் கட்சி.

ரோமில் ஜொவான்னி ஆல்பெர்ட்டி என்று ஒருவன். கட்டட காண்டிராக்ட் தொழில், பெரிய ஆள் இல்லை. அழகான மனைவி சில்வியா, ஒரு குழந்தை, நல்ல வீடு, நல்ல கார். சுற்றி இருக்கிற நண்பர் கூட்டம் முழுக்க வசதியானவர்கள். அவர்களோடு டென்னிஸ், விருந்து, இரவு விடுதியில் ட்விஸ்ட் ஆட்டம் என்று வாழ்க்கை ஓடுகிறது. எல்லாம் கடன். அகலக்கால் வைத்துவிட்டான், வைத்த காலை எடுக்க முடியவில்லை. கெடு நெருங்க நெருங்க ஒவ்வொரு நண்பனாகப் போய் வாயைத் திறக்கிறான். நேற்று ராத்திரி தோளில் கை போட்டு ஆடியவர்கள் எல்லோரும் இன்று கையை விரிக்கிறார்கள். கடைசியில் பௌசெத்தி என்கிற பெரிய கட்டட முதலாளியின் மனைவி அவனைத் தனியாகக் கூப்பிடுகிறாள். அந்த அம்மாவுக்கு நம் மேல் ஒரு கண் என்று இவன் நினைத்துக்கொள்கிறான். ஒரு வகையில் அது சரிதான், கண்தான் வேண்டும், ஆனால் இவனுடைய கண். கணவருக்கு ஒரு கண் இல்லை. உன் கண்களில் ஒன்றை விற்பாயா, கடன் எல்லாம் அடைந்து மிச்சமும் இருக்கும் என்கிறாள்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டல்லவா. சவாட்டினிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் எழுதியது எழுத்துக்கு எழுத்து அதுதான். நாம் உவமையாகச் சொன்னதை அவர் கதையாக நடத்திக் காட்டிவிட்டார்.

முதலில் ஜொவான்னி கோபப்படுகிறான், முடியாது என்கிறான். அப்புறம் மனைவியிடம் உண்மையைச் சொல்கிறான். நாம் முழுகிவிட்டோம், எல்லாவற்றையும் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்கிறான். அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அதன் பிறகு அவன் சம்மதிக்கிறான். முன்பணம் வருகிறது, மனைவி திரும்புகிறாள், வீட்டில் பெரிய விருந்து, பழைய நண்பர்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். ஆபரேஷன் நாள் வருகிறது. மருத்துவமனையிலிருந்து தப்பி ஓடுகிறான், அந்த அம்மா பின்னாலேயே வருகிறாள், பேசுகிறாள், அவன் திரும்பி உள்ளே போகிறான். படம் முடிந்தது.

இவ்வளவுதான் கதை. இதைக் கேட்டால் கொடூரமான படம் போலத் தோன்றும், ஆனால் பார்க்கும்போது பாதி நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரிக்கிறோமே என்று உறுத்தும், அதோடு அடுத்த காட்சிக்கும் சிரிப்பீர்கள்.

இந்தப் படத்தில் என்னை முதலில் பிடித்து இழுத்தது கண் இல்லை, ஒரு துண்டுக் காகிதம். இத்தாலியில் அதற்கு 'காம்பியாலே' என்று பெயர். நம்மூர் புரோநோட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை வரி கட்டிய தாள், அதில் இன்ன தேதிக்கு இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்து. அந்தக் காலத்து இத்தாலியில் ஃப்ரிட்ஜ், டிவி, கார், வீட்டுச் சாமான் எல்லாமே இந்தத் தாளில்தான் வாங்கினார்கள். மாதத்துக்கு ஒன்று என்று ஒரு கட்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவார்கள். இதில் இரண்டு வில்லங்கம். ஒன்று, வாங்கியவர் அதன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்குத் தள்ளிவிடலாம், அவர் மற்றொருவருக்கு. நீங்கள் யாருக்குக் கடன் என்றே தெரியாமல் உங்கள் கடன் ஊர் சுற்றும். இரண்டாவதுதான் பெரிய வில்லங்கம். கெடு தேதியில் பணம் கட்டவில்லை என்றால் அதை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்வார்கள். 'புரொதெஸ்தோ' என்று பெயர் அதற்கு. அப்படிப் பதிவானவர்களின் பெயர்ப் பட்டியலை வணிகச் சபை அப்போது அச்சடித்து வெளியிடும், 1955ல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதாவது நீங்கள் கட்டாதது அரசாங்க முத்திரையோடு ஊருக்கே தெரியும். வங்கி பார்க்கும், கடைக்காரர் பார்ப்பார், உங்களோடு டென்னிஸ் ஆடுகிறவரும் பார்ப்பார்.

இது தெரிந்தால் ஜொவான்னியின் ஓட்டம் வேறு மாதிரிப் புரியும். அவன் பயம் சிறைக்கு இல்லை, பசிக்கும் இல்லை. பட்டியலில் பெயர் வரும் என்பதுதான். தொழிலில் ஒரு பழைய கடனை அடைக்கப் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இருக்க வேண்டுமென்றால் ஆள் நன்றாக இருப்பது போலத் தெரிய வேண்டும், நன்றாக இருப்பது போலத் தெரிய வேண்டுமென்றால் செலவு செய்ய வேண்டும். பந்தா இங்கே வெறும் வீம்பு இல்லை, அவனுடைய முதலீடே அதுதான். செலவைக் குறைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நாம் வெளியிலிருந்து சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவன் காரை விற்ற அன்றே கடன்காரர்கள் எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். வறட்டு கௌரவம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாதபடி சவாட்டினி இதைக் கட்டியிருக்கிறார். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்றால் அதற்காகத்தான்.

பின்னணியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். படத்தின் பெயரே அந்தக் காலத்தின் பெயர்தான். 1958லிருந்து 1963 வரைக்கும் இத்தாலியில் ஓடிய பொருளாதார ஏற்றத்தை 'பூம்' என்று ஆங்கில வார்த்தையாலேயே அழைத்தார்கள். போரில் நொறுங்கிப்போன நாடு அது. 1954ல் தொலைக்காட்சி வருகிறது, 1955ல் ஃபியட் 600, விலை 590,000 லிரா, இரண்டு வருடம் கழித்து அதைவிடச் சின்னதாக ஃபியட் 500. 1957லிருந்து தினமும் ராத்திரி டிவியில் 'கரொசெல்லோ' என்று விளம்பரங்களுக்கே ஒரு நிகழ்ச்சி, அதைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தைகள் தூங்கப் போகும். ரோமின் மக்கள்தொகை 1951ல் சுமார் பதினாறரை லட்சம், 1961ல் கிட்டத்தட்ட 22 லட்சம். வந்தவர்களுக்கெல்லாம் வீடு வேண்டும், அதனால் நகரம் நாலு பக்கமும் அடுக்குமாடியாகப் புடைத்துக்கொண்டு போனது. கட்டிக் கட்டிப் பணம் பார்த்தவர்களுக்கு ரோமில் 'பலாத்சினாரி' என்று ஒரு கிண்டல் பெயரே உண்டு. பௌசெத்தி அந்த ரகம். ஜொவான்னி அந்த ரகமாக ஆசைப்படுகிறவன்.

ஒரு வேடிக்கை பாருங்கள். படம் 1963 ஆகஸ்ட் கடைசியில் வெளியாகிறது. அந்த வருடம் இலையுதிர் காலத்திலேயே இத்தாலிய மத்திய வங்கி கடன் கொடுப்பதை இறுக்கிப் பிடிக்கிறது, ஏற்றம் நின்றுபோகிறது. ஜொவான்னி போன்றவர்கள் நிஜத்தில் கவிழத் தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால் இந்தப் படம் வந்து நின்றிருக்கிறது. பெட்டியில் காசு சேரவில்லை. ஆடிக்கொண்டிருக்கிறவனிடம் போய் நீ விழப்போகிறாய் என்றால் அவன் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்பானா?

படம் காணாமல் போனதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, அந்த வருடம் இத்தாலிய சினிமாவுக்கு அமைந்த வருடம். ஃபெல்லினியின் 'எட்டரை', விஸ்கோந்தியின் 'சிறுத்தை', ரோசியின் 'நகரத்தின் மீது கைகள்' எல்லாம் 1963தான். டி சிகாவே அந்த டிசம்பரில் சோஃபியா லோரனை வைத்து 'நேற்று இன்று நாளை' விட்டார், அது ஆஸ்கர் வாங்கியது. இந்தக் கூட்டத்தில் ஒரு கண் விற்ற காண்டிராக்டர் எங்கே தெரிவான். அப்புறம் விமர்சகர்களின் மனநிலை ஒன்று இருந்தது. டி சிகா 1952க்குப் பிறகு வியாபாரத்துக்குப் போய்விட்டார், 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுத்த கை இப்போது காமெடி எடுக்கிறது என்று ஒரு சலிப்பு. எனக்கென்னவோ இந்த விஷயத்தில் விமர்சகர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் தேடிய பழைய டி சிகா இந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறார், நல்ல சூட்டு போட்டிருப்பதால் அடையாளம் தெரியவில்லை.

'பைசைக்கிள் தீவ்ஸ்' தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். நாயகன் ரிச்சிக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க வேண்டும். மனைவி மரியா கட்டிலில் இருந்த படுக்கை விரிப்புகளை உருவி எடுத்து, துவைத்து, மூட்டை கட்டி அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறாள். அந்த மூட்டையை ஓர் ஊழியர் தூக்கிக்கொண்டு அடுக்குகளில் ஏறுகிறார், ஏறிக்கொண்டே போகிறார். கூரை வரைக்கும் அந்த ஊர் ஜனங்களின் படுக்கை விரிப்பு மூட்டைகள். அது 1948. எல்லோரும் அடகு வைக்கிறார்கள், அதனால் அதில் வெட்கம் இல்லை. பதினைந்து வருடம் கழித்து அதே ரோம். இப்போது யாரும் அடகு வைப்பது கண்ணுக்குத் தெரியாது, எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் தெரிகிறது, அதனால் விழுகிறவன் தனியாக விழுகிறான். ரிச்சி சைக்கிளுக்காகத் தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு ஓடலாம். ஜொவான்னி சிரித்துக்கொண்டே ஓட வேண்டும்.

இதைவிட நெருக்கமான சொந்தம் 'உம்பெர்த்தோ டி'யோடு. அதுவும் இதே இருவர் செய்தது, 1952. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், பென்ஷன் போதவில்லை, வாடகை பாக்கி. ஒரு கட்டத்தில் பிச்சை கேட்டுத்தான் பார்ப்போமே என்று தெருவில் நிற்கிறார். கையை நீட்டிப் பழகிப் பார்க்கிறார். ஒருவர் காசு எடுத்துக்கொண்டு கிட்டே வருகிறார், வந்த கணத்தில் இவர் உள்ளங்கையைச் சட்டென்று கவிழ்த்துவிடுகிறார், மழை தூறுகிறதா என்று பார்ப்பது போல. அந்த ஆள் குழம்பிப் போய்விடுகிறார். சினிமாவில் நான் பார்த்த மிகச் சிறிய அசைவு, மிகப் பெரிய காட்சி. சரி, தனக்கு வராது என்று தொப்பியை நாயின் வாயில் கொடுத்துவிட்டு ஒளிந்து நிற்கிறார். அந்த நேரம் பார்த்துத் தெரிந்தவர் ஒருவர் வந்துவிட, நாய் ஏதோ விளையாடுகிறது என்பது போலச் சமாளிக்கிறார்.

அந்தக் கவிழ்ந்த கைதான் 'இல் பூம்'. டி சிகாவையும் சவாட்டினியையும் வறுமையைப் படம் எடுத்தவர்கள் என்று நாம் எழுதி எழுதித் தீர்த்துவிட்டோம். அவர்களை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது வறுமையைவிட 'என்னிடம் இல்லை' என்கிற வாக்கியம் என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்ல ஒரு மனிதனுக்கு என்ன விலை ஆகிறது என்பதுதான் அவர்கள் கணக்கு. உம்பெர்த்தோவுக்கு அந்த விலை ஒரு கைக்காசு. ஜொவான்னிக்கு ஒரு கண். கண்ணை இழப்பதைவிட, இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்வது அவனுக்கு அதிக பயமாக இருக்கிறது. இந்தப் பயம் அவனுக்குப் பைத்தியம் என்று நமக்குத் தோன்றாதபடி செய்துவிடுகிறார்கள், அங்கேதான் படம் நம்மைப் பிடிக்கிறது.

இத்தாலியர்களிடம் 'ஃபாரே பெல்லா ஃபிகூரா' என்று ஒரு பேச்சு நாக்கில் புரண்டுகொண்டே இருக்கும். பார்வைக்கு நன்றாக நிற்பது, நாலு பேர் முன்னால் நன்றாகத் தெரிவது. அதற்கு எதிர்ப்பதம் 'ப்ருத்தா ஃபிகூரா', தலைகுனிவு. இது நடை உடைக்கும் பொருந்தும், விருந்தாளிக்கு ஊற்றும் காபிக்கும் பொருந்தும். தப்பான பண்பு என்று யாரும் நினைப்பதில்லை, மரியாதையின் ஒரு பகுதி. டி சிகாவே அந்த வளர்ப்பில் வந்தவர். 1901ல் பிறந்து, நேபிள்ஸில் வளர்ந்து, முப்பதுகளில் பெண்கள் உருகிய திரை நாயகனாக இருந்தவர். வெளியில் எப்போதும் கனவான். உள்ளே சூதாட்டப் பழக்கம், அதனால் ஓயாத பணமுடை, அதைச் சமாளிக்க வந்த படத்திலெல்லாம் நடித்துத் தள்ளினார். வீடும் இரண்டு. முதல் மனைவி ஜூதித்தா ரிஸ்ஸோனே ஒரு வீட்டில், மரியா மெர்காதெர் இன்னொரு வீட்டில். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் வந்ததே 1970ல். புத்தாண்டு இரவில் ஒரு வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, இரண்டு இடத்திலும் பன்னிரண்டு மணிக்கு வாழ்த்துச் சொல்வார் என்று ஒரு கதை சொல்வார்கள். தோற்றத்தைக் காப்பாற்ற ஓடுகிற ஓட்டத்தைப் பற்றி இவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருந்திருக்காது.

நடிகரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஜொவான்னியாக ஆல்பெர்த்தோ சோர்டி. இத்தாலியில் இவர் பெயர் சொன்னால் தாத்தா பாட்டி வரைக்கும் சிரிப்பார்கள். கோழை, கொஞ்சம் பித்தலாட்டம், நிறைய ஜம்பம், ஆனால் வெறுக்க முடியாத ரோமாபுரி நடுத்தர வர்க்கத்து ஆள் என்றால் இவர்தான். இந்தப் படத்தில் அவர் செய்திருப்பது என்னவென்றால், ஆள் இருக்கும்போது ஒரு முகம், ஆள் திரும்பியதும் ஒரு முகம். கடன் கேட்கப் போகும் இடங்களைக் கவனியுங்கள். நேரடியாகக் கேட்க மாட்டான். ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது, உனக்கும் லாபம், அவசரத்துக்குக் கொஞ்சம் புரட்டினால் போதும் என்கிற தோரணை. உதவி கேட்பதையே ஏதோ இவன் அவர்களுக்கு உதவி செய்வது போலத்தான் கேட்க முடிகிறது. கைமாத்து கேட்கப் போய்க் காபி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த இடங்கள் வலிக்கும். எனக்கு வலித்தது, மேலே விவரம் வேண்டாம்.

பௌசெத்தி அம்மாவாக நடித்தவர் எலெனா நிக்கொலாய். சினிமாக்காரர் இல்லை, பல்கேரியாவில் பிறந்த ஆபரா பாடகி, மிலானின் லா ஸ்காலா ஆபரா அரங்கில் பாடியவர். யாருடைய யோசனையோ, பிரமாதமான தேர்வு. மேடையை நிறைத்துப் பழகிய உடம்பு, குரல், நிதானம். அவர் ஒரு கண்ணை விலை பேசும்போது வில்லத்தனம் துளிகூட இல்லை. வீட்டுக்குத் திரைச்சீலை எடுக்கிறவர் போல, தரமான சரக்கு, நியாயமான விலை, எப்போது டெலிவரி என்கிற தொனி. கணவர் மேல் நிஜமான பாசமும் தெரிகிறது, அதுதான் இன்னும் குலை நடுங்க வைக்கிறது. படத்தில் தோற்றத்தைப் பற்றிக் கவலையே படாதவர்கள் இந்தக் கணவன் மனைவி இருவர் மட்டும்தான். அவர்கள் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. நிஜப் பணக்காரர்கள் கணக்குப் பார்க்கிறார்கள், காட்டிக்கொள்கிறவன் விருந்து வைக்கிறான்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. உடம்பின் பாகத்தை விற்பது இத்தாலியர்களுக்கு முழுக் கற்பனை இல்லை. 1930களில் நேபிள்ஸில் ஓர் இளைஞர் 10,000 லிராவுக்குத் தன் விரைகளில் ஒன்றை ஒரு பணக்காரருக்கு விற்றார், இளமை திரும்பும் என்று அந்தக் காலத்தில் அப்படியொரு மருத்துவ மோகம் இருந்தது. அறுவை செய்த மருத்துவர்கள் மேல் வழக்கு நடந்து, சம்மதத்தோடு நடந்ததுதானே என்று 1934ல் உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. பெரிய சர்ச்சை. 1942ல் வந்த சிவில் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உடலுக்கு நிரந்தரக் குறை உண்டாக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சொல்வதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். ஆக ஜொவான்னி போட்ட ஒப்பந்தம் சட்டப்படி காகிதக் குப்பை, இஷ்டமில்லை என்று எழுந்து போனால் யாரும் அவனைக் கட்டிப்போட முடியாது. மருத்துவப்படியும் உயிரோடு இருப்பவன் கண்ணைத் தேட வேண்டியதில்லை. இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்துப் பொருத்துவதற்கு 1957லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. அந்தத் தர்க்கத்தையெல்லாம் பார்க்காதீர்கள், இது விக்கிரமாதித்தன் கதை மாதிரி. ஆனால் சட்டம் கட்டிப்போடாத ஒருவன் கடைசியில் தானே நடந்து உள்ளே போகிறான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில்வியாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜானா மரியா கனாலே நடித்திருக்கிறார், புராணக் கதைப் படங்களில் ராணி, சூனியக்காரி வேஷம் கட்டிப் பேர் வாங்கியவர். இவளைப் பேராசைக்காரி என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு அவன் ஒருநாளும் கணக்கைக் காட்டியதில்லை. வசதியான வாழ்க்கை என்று சொல்லித்தான் வைத்திருந்தான், திடீரென்று ஒருநாள் எல்லாம் பொய் என்கிறான். ஆனாலும் குறை என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன்: படம் அவள் பக்கம் நின்று ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்காமல் இருக்கிறாளே, அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அறுபதுகளின் ஆண்கள் எழுதிய படம், அவ்வளவுதான்.

அந்த மனைவியின் பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இதோடு சேர்த்து இன்னொன்று பாருங்கள், அதையும் யாரும் பேசுவதில்லை. 'ஜோர்னி எ நூவோலே', 'நாட்களும் மேகங்களும்' என்று பொருள். 2007, சில்வியோ சொல்தீனி இயக்கியது, ஜெனோவா நகரம். எல்சா வேலையை விட்டுவிட்டுக் கலை வரலாறு படித்துப் பட்டம் வாங்குகிறாள், கணவன் மிகேலே அவளுக்குத் தெரியாமல் பெரிய விருந்து ஏற்பாடு செய்கிறான். மறுநாள் காலையில் சொல்கிறான்: தானே சேர்ந்து தொடங்கிய நிறுவனத்திலிருந்து கூட்டாளிகள் அவனை வெளியேற்றி இரண்டு மாதம் ஆகிறது, கையில் பணம் இல்லை. விருந்து நடந்தது அந்த இல்லாத பணத்தில். தினமும் காலையில் ஆபீசுக்குப் போவது போலக் கிளம்பிப் போன அந்த இரண்டு மாதத்தை நாம் பார்ப்பதில்லை, எல்சாவைப் போல நாமும் பின்னால் யோசித்துத்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு படகை விற்கிறார்கள், வீட்டை விட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போகிறார்கள், அவள் கால் சென்டரில் உட்காருகிறாள், அவன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். எல்சாவாக மர்கெரீதா பூய், அதற்காக இத்தாலியின் பெரிய விருதான தாவித் தி தொனாதெல்லோ வாங்கினார். மகளாக வரும் ஆல்பா ரோர்வாக்கருக்கும் துணை நடிகை விருது கிடைத்தது.

சிரிப்பு இல்லாத படம், நிதானமாகப் போகும், பொறுமை வேண்டும். ஆனால் ஜொவான்னி கடைசி வரைக்கும் செய்யாத ஒன்றை இவர்கள் செய்கிறார்கள், வேறு வழியில்லாமல் 'எங்களிடம் இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள், சொன்ன பிறகு மிச்சம் இருக்கிற வாழ்க்கை என்ன என்பதுதான் படம். எல்சா சம்பளமில்லாமல் ஒரு பழைய கட்டடத்தின் கூரை ஓவியத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருப்பாள், பணமுடையில் அதையும் விட நேர்கிறது. முடிவில் இருவரும் அந்தத் தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்க்கிறார்கள். கண்ணை விற்காமல் சித்திரத்தைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், நான் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன்தான்.

இதே தலைப்பில் இன்னும் புதியதாக வேண்டுமென்றால் பாவ்லோ வீர்ட்சியின் 'மனித மூலதனம்', 2013. அதில் வரும் வீட்டுத் தரகர் தன் தகுதிக்கு மீறிக் கடன் வாங்கிப் பணக்காரன் ஒருவனின் முதலீட்டில் போட்டுவிட்டு டென்னிஸ் மைதானத்தில் வழிந்துகொண்டு நிற்பார். ஜொவான்னியின் பேரன் என்று சொல்லலாம், அதே டென்னிஸ்கூட. ஆனால் அது நிறைய விருது வாங்கிய படம், நீங்கள் கேட்ட கணக்கில் வராது.

'இல் பூம்' பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ குரல் மாற்றிய பிரதி கிடைத்தாலும் தொடாதீர்கள், இத்தாலிய ஒலியோடு சப்டைட்டில் போட்டே பாருங்கள். சோர்டி சினிமாவுக்கு வந்து பேர் வாங்கியதே குரலால்தான். லாரல் ஹார்டி படங்களில் குண்டு ஹார்டிக்கு இத்தாலியில் பல வருடம் குரல் கொடுத்தவர் அவர். கடன் கேட்கும் காட்சியில் பேச்சு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும், வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் அந்தக் குரல் லேசாக இறங்கும். அது சப்டைட்டிலில் வராது, காதில்தான் விழும்.